நான் எழுதிக்கொடுக்காத காடு

கனி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதாய். "எனக்காகக் காட்டையே எழுதிக் குடுத்துட்டீயளாப்பா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று கேட்டாய். உன் மாமனார் வீட்டுக்கு விருந்தாட வந்தவர்கள், மருமகள் கொண்டுவந்த நிலம் என்று கூடத்தில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "அழாத மக்கா. சாப்பிட்டியா?" என்றேன். போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் நீ ஆமாம் என்றே எடுத்துக்கொண்டாய். அன்றிலிருந்து தினமும் காலையில் ராஜபாளையம் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது கூப்பிடுகிறாய். மாத்திரை போட்டீர்களா, கால் வீக்கம் குறைந்ததா என்று கேட்கிறாய். முன்னைவிடக் குழைவாகப் பேசுகிறாய். அந்த அன்பை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. நான் செய்யாத ஒன்றுக்காக அது வருகிறது.

அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நீ அழுவாய், நான் நிறுத்திவிடுவேன். பாதியில் நின்றுபோனால் அது பொய்யைவிட மோசமாகப் போய்விடும். நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்டை நான் உனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்க அது என் கையில் இல்லை. வரி பாக்கிக்காக அரசாங்கம் அதை ஜப்தி செய்து, ஊருக்கு நடுவில் ஏலம் விட்டது. ஏலத்தில் எடுத்தவர் உன் மாமனார்.

இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. முழுவதையும் படி. படித்துவிட்டு உன் மாமனாரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தால், அதை எனக்கும் எழுது. எனக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை.

மரமே இல்லாத கரிசல் மண்ணை நாம் ஏன் காடு என்று சொல்கிறோம் என்று நீ சின்னப் பிள்ளையில் கேட்பாய். அந்தக் காடு முழுவதும் உன் பெரியப்பா பெயரில்தான் இருந்தது. எங்கள் அப்பா இறந்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அண்ணன் மூத்தவர், தாலுகா ஆபீசுக்குப் போகத் தெரிந்தவர், அவர் பெயரில் பட்டா மாறியது. பிறகு ஒருநாள் அவரும் நானும் காட்டில் நின்று, ஓடைக்குக் கிழக்கே அவருக்கு, மேற்கே எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். நடுவில் இரண்டு கல் நட்டோம். அவ்வளவுதான் எங்கள் பாகப்பிரிவினை. நீ நடந்து பழகிய காலத்திலிருந்து மேற்குப் பக்கத்தில் நான்தான் பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டேன். கிழக்குப் பக்கத்தையும் பாதி வருஷம் நானே பார்த்தேன், ஏனென்றால் அண்ணன் சங்கரன்கோவிலில் பருத்தி வியாபாரத்தில் இறங்கிவிட்டார். பத்திரம் எழுதிக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்க எனக்கு ஒரு காலத்திலும் தோன்றவில்லை. கூடப் பிறந்தவனிடம் காகிதம் கேட்பது, நீ என்னை ஏமாற்றிவிடுவாய் என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி இருந்தது. அவருக்கும் அதை எழுதிக் கொடுக்கத் தோன்றவில்லை. அதில் சூது எதுவும் இல்லை, கனி. அவர் நல்லவர். உன் லேப் டெக்னீசியன் படிப்புக்குக் கட்டணம் கட்டியது பருத்திக் கடைப் பணம்தான்.

அந்தக் கடைக்குத்தான் விற்பனை வரி பாக்கி இருந்திருக்கிறது. கடை நொடித்துப் பூட்டிய பிறகும் அது வட்டியும் அபராதமுமாக வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. எத்தனையோ நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் எங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. உன் பெரியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் நெஞ்சுவலியில் போனபோது, கடை போன கவலையில் போனார் என்று நாங்கள் நினைத்தோம். நீயும் அப்போது வேலை பார்த்த கோயம்புத்தூரிலிருந்து வந்து அழுதுவிட்டுப் போனாய்.

உனக்கு நிச்சயம் செய்த அந்த வாரத்தில்தான் பெரியம்மா ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "இது என்னன்னு பாருங்க கொழுந்தனாரே, தலையாரி குடுத்துட்டுப் போனாரு. காட்டப் பத்தி என்னமோ சொல்லுதாரு" என்றாள். நிச்சயத்துக்கு வாங்கிய வாழைப்பழமும் கதம்பமும் இன்னும் வீட்டில் வாடிக்கொண்டிருந்தன. நான் வாசித்தேன். காலஞ்சென்ற இன்னாருக்குச் சொந்தமான இன்ன சர்வே எண்ணில் உள்ள புஞ்சை நிலம், அரசுக்குச் சேர வேண்டிய பாக்கிக்காகப் பொது ஏலத்தில் விற்கப்படும் என்று இருந்தது. ஓடைக்குக் கிழக்கு, மேற்கு என்ற பேச்சே அதில் இல்லை. எங்கள் இரண்டு கல்லும் அந்தக் காகிதத்தில் இல்லை. அடுத்த சில நாட்களில் ஊரில் தண்டோரா போட்டார்கள். அண்ணன் பெயர் மூன்று தெருவிலும் கேட்டது. உன் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

நான் தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். பாதி நிலம் என்னுடையது என்று சொன்னேன். அங்கே ஒருவரும் என்னை விரட்டவில்லை, உட்காரச் சொல்லித்தான் பேசினார்கள். "பட்டா அவர் பேர்ல, பயிர்க் கணக்கு அடங்கலும் அவர் பேர்ல. நீங்க உழுததுக்கு என்னங்க ஆதாரம்?" என்று கேட்டார் ஒரு குமாஸ்தா. காய்ப்புப் பிடித்த கையைக் காட்டலாம், வேறு என்ன இருக்கிறது? கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவரும் நல்ல மனிதர்தான். வழக்குப் போடலாம், வருஷக்கணக்கில் ஓடும், ஏலத்துக்குத் தடை வாங்க வேண்டுமானால் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள் என்றார். அந்த ஒரு பகுதி என்னிடம் இருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்? எல்லாரும் நியாயமாகத்தான் பேசினார்கள், கனி. ஒருவராவது அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட ஆள் இல்லாமல் திரும்பி வந்தேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நிச்சயம் முடிந்த பிள்ளையிடம் இதைச் சொன்னால், நீ கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொல்வாய். சேர்த்துவைத்த சம்பளத்தை அனுப்புவாய். உன் அம்மா அதைக் கூடவே கூடாது என்றாள். சம்பந்த வீட்டுக்கும் சொல்லவில்லை. உன் மாமனார் ஊர் வாசுதேவநல்லூர் என்ன தூரம், தண்டோரா போட்ட சேதி அவருக்கு எட்டாமலா இருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரே ஒரு வழி தெரிந்தது. அதைச் சொன்னது நம் ஊர் விஏஓ. வெளியூரிலிருந்து புதிதாக வந்த பெண், உன் வயதுதான் இருக்கும். "ஏலத்துல யாருமே கேக்கலைன்னா, அரசாங்கமே பேருக்கு ஒரு தொகை வச்சு எடுத்துக்கும் சார். நிலம் எங்கயும் போகாது. அப்புறமா பாக்கியக் கட்டி, மனு போட்டுத் திருப்பிக் கேக்கலாம். அதுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு" என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள், அவள் சொல்லக்கூடியதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சேதி எப்படியோ ஊருக்குள் போய்விட்டது. நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. அவர்களாகவே பேசிவைத்துக்கொண்டார்கள். டீக்கடையில் ஒருவர் என் தோளைத் தட்டி, "பயப்படாதீங்க அண்ணாச்சி, நம்ம ஊர்ல ஒருத்தன் வாயத் தெறக்க மாட்டான்" என்றார். வரப்புத் தகராறில் என்னோடு பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத மாடசாமி, தெருவில் எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பாமல் நின்றான். "அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் பிறந்ததற்காக நான் சந்தோஷப்பட்ட நாள் அதுதான்.

ஏலம் சமுதாயக்கூடத்துக்கு முன்னால் நடந்தது. காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள், மேஜை போட்டார்கள். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். வேலை இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் இல்லை அது, வாயை மூடிக்கொண்டு நிற்பதற்காகவே வந்த கூட்டம். பெரியம்மாவை வீட்டில் இரு என்றேன், கேட்கவில்லை. "அவரு பேரச் சொல்லிக் கூப்பிடுவாவ, நான் இல்லாம எப்படி?" என்று வந்து ஓரமாக உட்கார்ந்தாள். துணைத் தாசில்தார் அண்ணன் பெயரை வாசித்தபோது, தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்பதுபோல அவள் எழுந்து நின்றாள். உட்காருங்கம்மா என்று அவர் சொல்லும்வரை நின்றாள். அப்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. நம் காட்டுக்கு மேற்கே சோலார் தகடு போடுவதற்கு நிலம் வாங்கித் தருகிற புரோக்கர்கள், இரண்டு பேர். நம் பக்கம் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், நீயும் பார்த்திருப்பாய். காரை விட்டு இறங்கி, கதவில் சாய்ந்து நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சற்றுப் பிறகுதான் உன் மாமனார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சத்தியமாகச் சொல்லுகிறேன் கனி, அவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது வெட்கம், அடுத்து ஆறுதல். சேதி கேள்விப்பட்டுத் துணைக்கு நிற்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்து, "எங்கிட்ட சொல்லலியே சம்பந்தி" என்றார். அவர் கை சூடாக இருந்தது.

துணைத் தாசில்தார் ஆரம்பத் தொகையைச் சொன்னார். யார் கேட்கிறீர்கள் என்றார். சத்தமில்லை. மறுபடியும் கேட்டார். மாடசாமிதான் சொன்னான், "எங்க ஊர்ல ஒருத்தரும் கேக்க மாட்டாவ சார். நீங்க எழுதிக்கிட்டுப் போங்க" என்று. கூட்டத்தில் மெல்லச் சிரிப்பு எழுந்தது. அதிகாரி முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது மாதிரி எனக்குப் பட்டது. மூன்றாம் தடவை கேட்க அவர் வாயைத் திறந்தார். என் கையைப் பிடித்திருந்த கை விலகியது. "நான் கேக்கேன்" என்றார் உன் மாமனார்.

ஏலம் கேட்க முன்பணம் கட்ட வேண்டும். அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு டிடியை எடுத்தார். அது முந்தின நாளே பாங்கில் எடுத்தால்தான் கிடைக்கும். ஆக, அவர் துணைக்கு வந்தவர் இல்லை, தயாராக வந்தவர். வெள்ளைக் காரில் வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். வேறு யாராவது உண்டா என்று அதிகாரி கேட்டார், அவர்கள் பக்கமும் பார்த்துக் கேட்டார். அவர்கள் கேட்கவில்லை. உன் மாமனார் பெயரைச் சொல்லி ஏலத்தை முடித்தார்கள். நம் ஊர்க்காரர்கள் என்னைப் பார்க்காமல் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எடுத்தவர் எனக்குச் சம்பந்தி, அவர்கள் எப்படித் திட்டுவார்கள்?

அவர் என்னை டீக்கடைக்கு அழைத்துப் போனார். டீயை அவரே வாங்கி என் கையில் கொடுத்தார். "வெளியாளு கைக்குப் போயிரக் கூடாதுல்லா சம்பந்தி. அந்தக் கார்க்காரனுவளப் பாத்தீயளா? அவனுவ எடுத்திருந்தா நாளைக்கே சுத்தி வேலி போட்டிருப்பானுவ. நீங்க அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது" என்றார்.

"அவனுவ கேக்கலியே" என்றேன்.

"கேட்டிருப்பானுவ. நான் முந்திக்கிட்டேன்."

"கொஞ்சம் பொறுத்துப் பாத்திருக்கலாம். யாரும் கேக்கலைன்னா..."

"பொறுத்தா போயிரும் சம்பந்தி. ஏலம்னா அப்படித்தான்." பிறகு என் முழங்கையைத் தொட்டு, "நாம என்ன வேத்தாளா? நாளைக்கு எம் மருமவ வீடு. நீங்க எப்பவும்போல உழுங்க. வாரத்தப் பெறவு பேசிக்கிடுவோம்" என்றார்.

வாரம் என்ற வார்த்தையில் நான் நின்றுவிட்டேன். விளைவதில் பாதியை நிலக்காரனுக்கு அளந்து கொடுக்கிற பேச்சு அது. என் அப்பா நிலத்தில் எனக்கு யாரும் இதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் அதை மனசு நோகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்.

ஏலம் முடிந்தாலும் ஒரு மாதத் தவணை உண்டு. அதற்குள் பாக்கியையும், ஏலம் எடுத்தவருக்கு ஒரு சிறு ஈட்டுத் தொகையையும் கட்டிவிட்டால் ஏலம் ரத்தாகும். அதையும் அந்த விஏஓ பெண்தான் சொன்னாள். நான் ஆடுகளை விற்றேன். கரிவலம்வந்தநல்லூரில் உன் அத்தை வீட்டுக்குப் போனேன், இருந்ததைக் கொடுத்தாள். எட்டவில்லை. ஒருநாள் துணிந்து வாசுதேவநல்லூருக்கே பஸ் ஏறினேன். உன் மாமனாரிடம் நேரில் கேட்பது என்று முடிவு செய்தேன். நீங்களாகவே விலகிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தவணையை மட்டும் நீட்டக் கேளுங்கள், நான் எப்படியாவது கட்டுகிறேன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு போனேன். அவர் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் நிறைய ஓடியது. எங்கள் கரிசலில் பிறந்தவனுக்கு அதைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும். வீட்டுக்கு அழைத்துப்போய் இலை போட்டார்கள். உன் மாமியார் பக்கத்தில் நின்று பரிமாறினார். "கல்யாணத்துக்குப் பெறவும் கனி வேலைக்குப் போகட்டும், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார். சீர் என்ன செய்கிறீர்கள் என்று அந்த வீட்டில் ஒருவரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் சாப்பிட்டேன். ரசம் ஊற்றினார்கள், மோர் ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் இப்போது கேட்கலாம் என்று நினைத்தேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவரே, "என்ன விசேஷமா வந்தீய?" என்று கேட்டார். "சும்மா, பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்றேன். என்னை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், கேட்டிருந்தால் அவர் கொடுத்திருப்பாரோ என்று தோன்றியது. கொடுக்காமல் போயிருந்தால் நீ அந்த வீட்டில் எப்படி வாழ்வாய் என்றும் தோன்றியது.

கடைசியாக உன் நகை இருந்தது. முழுவதையும் விற்றால் கிட்டத்தட்டக் கட்டிவிடலாம். உன் அம்மா ஒரு மத்தியானம் அந்தப் பெட்டியை எடுத்துவந்து கட்டிலில் வைத்தாள். "என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். விற்றால் காடு மீளும், உன்னை வெறும் கழுத்தோடு அனுப்ப வேண்டும். அனுப்புவது காடு யாரிடமிருந்து மீண்டதோ அதே வீட்டுக்கு. விற்காவிட்டால் நகை உன் கழுத்தில் ஏறி அந்த வீட்டுக்குப் போகும், காடும் அங்கேயே போகும். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் கணக்கு அந்த வாசலில்தான் போய் முடிந்தது. உன் அம்மா பெட்டியைத் திறந்து ஆரத்தை எடுத்துப் பார்த்தாள். "எங்க அம்மா வீட்ல எனக்குப் போட்டது ரெண்டு பவுன். அதச் சொல்லிச் சொல்லி உங்க வீட்ல என்ன பாடு படுத்துனாவன்னு உங்களுக்குத் தெரியும். எம் பிள்ளைக்கு அது வேண்டாம்" என்றாள். பெட்டியை மூடி உள்ளே கொண்டுபோனாள். தவணை தானாக முடிந்தது. ஏலத்தை உறுதி செய்து உத்தரவு வந்தது. பட்டா மாறியது. உன் பெயருக்கு மாறவில்லை கனி, மாப்பிள்ளை பெயருக்கும் இல்லை. உன் மாமனார் பெயருக்கு.

அதன் பிறகு உன் கல்யாணம். மண்டபத்தில் நீ மேடையில் இருந்தாய், உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. பந்தி நடக்கும்போது உன் மாமனாரின் சொந்தக்காரர் ஒருவர் அவரிடம், பெண் வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேட்டார். கொஞ்சம் இளக்காரமாகத்தான் கேட்டார். உன் மாமனார் சத்தமாகவே சொன்னார், "நகை போக, மேலநீலிதநல்லூர்ப் பக்கம் அவுக காட்டையே குடுத்துட்டாவ எங்க சம்பந்தி. இதுக்கு மேல என்னவே வேணும்?" என்று. நான் கையில் சாம்பார் வாளியோடு அங்கேயே நின்றேன். நம் ஊர்க்காரர்கள் ஒரு வரிசை முழுக்க அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். மாடசாமி இலையில் கை வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அந்தச் சொந்தக்காரர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நான் அவருக்குச் சாம்பார் ஊற்றினேன்.

ஏன் அப்படிச் சொன்னார்? என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னாரா, தன் மானத்தையா? சம்பந்தியின் நிலத்தை ஏலத்தில் எடுத்தவர் என்று தெரிந்தால் அவர் சொந்தத்திலேயே முகம் சுளிப்பார்கள். அதே நேரம், ஒன்றும் இல்லாமல் நின்ற என்னை அந்தச் சபையில் தூக்கி நிறுத்தியதும் அந்த வார்த்தைதான். வெள்ளைக் காரில் வந்தவர்கள் ஏலம் கேட்டிருப்பார்களா, மாட்டார்களா? நடக்கும்போதும் சாப்பிடும்போதும் இதையே யோசிக்கிறேன். கேட்டிருப்பார்கள் என்றால் உன் மாமனார் நமக்குச் செய்தது பெரிய உதவி. கேட்டிருக்க மாட்டார்கள் என்றால், ஊரே சேர்ந்து காப்பாற்ற வந்த நிலத்தை, என் கையைப் பிடித்திருந்தவர் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு பேரை மறுபடி எங்கேயாவது பார்த்தால் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஒருவரைப் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு உன் வீட்டுக்கு எப்படி வருவது?

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, சொல்ல என்னிடம் ஒன்றும் பெரிதாக இல்லை என்று தெரிகிறது. நீயும் மாப்பிள்ளையும் நாளைக்கு ஒரு சென்ட் இடம் வாங்கினாலும் இரண்டு பேர் பெயரிலும் வாங்குங்கள். கேட்க வெட்கப்படாதே. பெயரைக் கேட்பது சந்தேகப்படுவது இல்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது. வீட்டுக்கு வரும் எந்த அரசாங்கக் காகிதத்தையும் நீயும் வாங்கி வாசி. அந்தக் காட்டை உன் பெயருக்கு மாற்றச் சொல்லி எந்தக் காலத்திலும் கேட்காதே என்று உன் அம்மா எழுதச் சொல்கிறாள். கேள் என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி என்று தெரியாததால் இரண்டையும் எழுதியிருக்கிறேன். உன் மாமனாரை வெறுக்காதே. நான் வெறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்தபோது அவரே பஸ்ஸில் கூட வந்து வேலை செய்யும் இடத்தில் லீவு சொல்லிவிட்டுப் போனார் என்று நீ சொன்னாய். அதைக் கேட்டபோது எனக்குள் ஒன்று நிம்மதியானது, ஒன்று வலித்தது.

இந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் நன்றாக நனைந்துவிட்டது, ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். விதைக்காமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். உன் மாமனார் போன் செய்து, "சம்பந்தி, என்ன யோசனை? விதை அனுப்பட்டா?" என்றார். வேறு ஆளிடம் விட்டுவிடவா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் நான் மாட்டேன் என்றால் வேறு ஆள் வருவான். அந்த மண்ணில் வேறு ஆள் ஏர் ஓட்டுவதை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. உன் பெரியம்மாவாலும் முடியாது. "அனுப்புங்க" என்றேன். நேற்று லோடு ஆட்டோவில் மக்காச்சோள விதை வந்து இறங்கியது. இன்று காலையில் டிராக்டரை வரச்சொல்லி இரண்டு பக்கமும் சேர்த்து உழுதாகிவிட்டது. இனி எந்தப் பக்கம் யாருடையது என்று பார்க்க வேண்டியதில்லை. உழும்போது அந்த இரண்டு கல்லையும் டிராக்டர்க்காரர் பிடுங்கி ஓரத்தில் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மழை ஏமாற்றாமல் இருந்தால் தை பிறந்ததும் அறுத்துவிடுவோம். பாதியை மூட்டை கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே வாசுதேவநல்லூருக்குக் கொண்டு வருவேன். ஆள் மூலம் அனுப்பினால் மரியாதையாக இருக்காது. வரும் நாளை முன்னாலேயே உனக்குச் சொல்லிவிடுகிறேன். அப்பா வருகிறார் என்று அன்றைக்கு லீவு போட்டுவிடாதே, கனி. எப்போதும் போல வேலைக்குப் போய்விடு. நீ வாசலுக்கு வந்து "வாங்கப்பா" என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்க, உனக்கு முன்னால் நின்றுகொண்டு உன் மாமனாருக்கு நான் மூட்டைகளை எண்ணிக் கொடுக்க, அது மட்டும் என்னால் ஆகாது.

அப்பா